ஓசிச் சுவரும் உயிருள்ள மண்ணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "அண்ணாச்சி, பழைய கதை பேச ஆள் நிறைய இருக்கு. நீங்க ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் வீட்டுக் கொல்லையில் போடுகிற மேட்டுப்பாத்தியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதுவும் காசு கொடுத்து வாங்காமல், இடித்துப் போட்டது, கழித்துப் போட்டது, குப்பையில் கிடந்தது ஆகியவற்றைக் கொண்டு கட்டுகிற பாத்தி. "பி.ஏ., பி.எஸ்ஸி. படிச்சவங்க கூட்டத்தில இதென்ன பேச்சு" என்று யாராவது முணுமுணுத்தால், பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் கணக்கும் உண்டு, கெமிஸ்ட்ரியும் உண்டு, பொருளாதாரமும் உண்டு.

என் ஊர் தளவாய்புரம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னால் தெரியாதவர்களுக்குக்கூட, "நைட்டி தைக்கிற ஊர்" என்றால் தெரிந்துவிடும். எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கும். காலையில் மிஷினில் உட்காருகிற பெண்கள் சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. வருமானம் வந்தது, வீடு மச்சு வீடானது. நல்ல விஷயம்தான். ஆனால் வீடு மச்சு வீடானபோது கொல்லையும் சிமெண்ட் தளமாகிவிட்டது. முன்பு அவரைப் பந்தலும் முருங்கையும் நின்ற இடத்தில் இப்போது துணி காய்கிறது. கீரைக்காரி வந்தால் கீரை, வராவிட்டால் இல்லை என்று ஆகிவிட்டது.

இது ஏதோ ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல்! மிஷினில் உட்கார்ந்திருக்கும் நம் அக்கா தங்கச்சிமார்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. கீரை தின்றால் மட்டும் இரத்தசோகை போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்று ஆகாது. ஆனால் வாரத்தில் நாலு நாள் கீரையும், அதோடு ஒரு மூடி எலுமிச்சம்பழமும் இலையில் விழுந்தால் உடம்புக்கு அது பலம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரை கைக்கெட்டும் தூரத்தில் முளைத்தால்தான் வாரத்தில் நாலு நாள் சமையலுக்கு வரும். சிமெண்ட் தளத்தில் கீரை முளைக்க வைக்கிற வழிதான் மேட்டுப்பாத்தி.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

மேட்டுப்பாத்தி நமக்குப் புதுசு இல்லை. நாற்றங்காலுக்கு மேட்டுப்பாத்தி போடுவது நம் சம்சாரிகளுக்குத் தெரிந்த வேலை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் வாய்க்கால், நடுவில் மண்ணை உயர்த்திக் கட்டிய மேடு, அதில் அகத்தி, அகத்தியில் ஏறிய கொடி. வேருக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நந்தவனம் வைத்துப் பராமரித்த பெரியாழ்வார், துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்று கொண்டாடுகிற ஊர் அது. தோட்டம் போடுவதற்கு நாம் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவர வேண்டியதில்லை.

புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அது செலவு. இப்போது மேட்டுப்பாத்தி என்றால் கடையில் பளபளப்பான தகரப் பெட்டி, தேக்கு மாதிரி பாலிஷ் போட்ட மரப் பெட்டி என்று விற்கிறார்கள். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அதில் முளைப்பதோ நாலு கட்டு அரைக்கீரை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் இதற்காகவே சொல்லி வைத்தார்கள் போலும்! செடிக்குச் சுவர் அழகாக இருக்கிறதா என்று தெரியாது. மண் நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். ஆகவே நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம். சுவரை ஓசியில் கட்டுங்கள், கையில் இருக்கிற காசையும் கவனத்தையும் மண்ணில் போடுங்கள்.

கஷ்ட காலத்தில் உலகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது, அதை நம்பியிருந்த கியூபாவுக்குப் பெட்ரோலும் உரமும் வருவது திடீரென்று குறைந்துபோனது. கிராமத்திலிருந்து காய்கறியைத் தலைநகர் ஹவானாவுக்கு ஏற்றி வர லாரிக்கு எண்ணெய் இல்லை. அந்த மக்கள் ஊருக்குள் சும்மா கிடந்த மனைகளில் பாத்தி கட்டினார்கள். உடைந்த செங்கல், கூரை ஓடு, கான்கிரீட் துண்டு என்று கிடைத்ததைச் சுவராக நிறுத்தி, உள்ளே மக்கிய உரத்தையும் மண்ணையும் கலந்து நிரப்பினார்கள். தரை கெட்டுப்போன இடத்திலும், சிமெண்ட் பூசிய இடத்திலும்கூடக் காய்கறி விளைந்தது. நமக்குப் பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2022-இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, வீட்டுத் தோட்டம் போடட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையும் லீவு கொடுக்க ஜூன் மாதம் அரசாங்கம் முடிவெடுத்தது. மும்பையில் டாக்டர் ஆர்.டி. தோஷி என்பவர், கரும்புச் சாறு பிழிந்து போட்ட சக்கையையே மண்ணுக்குப் பதில் பெரும்பகுதியாக வைத்து, மொட்டை மாடியில் பைகளிலும் டிரம்களிலும் காய்கறி விளைவித்துக் காட்டினார்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். மதுரையிலிருந்து ராஜபாளையம் வருகிற வழியில் தே.கல்லுப்பட்டி இருக்கிறது. காந்தியப் பொருளாதார மேதை ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்த கணக்குத் தணிக்கையாளர் அவர். இயற்கையில் ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகிறது, அந்தச் சுற்று அறுந்துபோகாத பொருளாதாரம்தான் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. 1960-இல் மறைந்தார். பஸ்ஸில் போகும்போது அந்த ஊரைத் தாண்டித்தானே வருகிறோம்? அடுத்த முறை ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னவெல்லாம் ஆகும்?

இனி வேலைக்கு வருவோம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரம். ஒரு சின்னக் குடும்பத்துக்குத் தொடங்க இது போதும். இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அகலம்தான் கணக்கு. சுவரை ஒட்டிக் கட்டினால் அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். பாத்திக்குள் காலை வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும். மிதிக்காமல் வேலை பார்க்கத்தானே இந்த ஏற்பாடெல்லாம்!

முதலில் செங்கல். பழைய வீடு இடிக்கிற இடத்தில் முழுக் கல்லை விற்றுவிடுவார்கள், அரைக்கல்லைப் பள்ளத்தில் கொட்டுவார்கள். அந்த அரைக்கல்லைக் கேளுங்கள், "எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். நம் பாத்தியின் சுற்றளவு பதினெட்டு அடி. முழுக் கல்லாக இருந்தால் ஒரு வரிசைக்கு இருபத்திநாலு, நாலு வரிசைக்கு நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அரைக்கல் என்றால் இருநூறு. சிமெண்ட் வேண்டாம், மண்சாந்து போதும். ஒட்டியிருக்கிற சுண்ணாம்புக் காரையை மட்டும் கொத்திக் கழித்துவிடுங்கள். நம் கரிசல் மண் ஏற்கனவே காரத்தன்மை உள்ளது, அதில் சுண்ணாம்பையும் சேர்த்தால் செடி வெளிறிப்போகும்.

இரண்டாவது ஓடு. கூரையைப் பிரித்துவிட்டு மச்சு கட்டிய வீடுகளில் சீமை ஓடு அடுக்கிக் கிடக்கும். நீளவாக்கில் நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்தால் இருபத்திரண்டு ஓட்டில் சுவர் முடிந்தது. மண் தரைக்கு இது நல்லது, சிமெண்ட் தளத்துக்கு ஆகாது.

மூன்றாவது தேங்காய் மட்டை. நம் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. மட்டையை நெருக்கி அடுக்கினால் சுவருமாச்சு, ஈரத்தைப் பிடித்து வைக்கிற பஞ்சுமாச்சு. இரண்டு வருஷத்தில் மக்கிவிடும். மக்கினால் என்ன, அதையே உள்ளே தள்ளிவிட்டு வெளியே புது மட்டை அடுக்குங்கள். கரையான் வந்தால் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு தூவினால் மட்டுப்படும்.

நாலாவது சிமெண்ட் சாக்கு. மண்ணை அடைத்து மூட்டையாக அடுக்கலாம். ஆனால் அந்த பிளாஸ்டிக் சாக்கு நம் வெயிலில் சில மாதத்திலேயே நார் நாராக உதிர ஆரம்பித்துவிடும். உதிர்ந்த பிளாஸ்டிக் மண்ணோடு கலந்தால் பொறுக்க முடியாது. வெளிப்பக்கம் மண் பூசி வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். சணல் சாக்கு கிடைத்தால் அதுவே உத்தமம்.

எங்கள் ஊர்க் கழிவு ஒன்று இருக்கிறதே, நைட்டி கட்டிங் வேஸ்ட், அது உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு துண்டை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியாக உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது. சாயத் துணியை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். பருத்தித் துண்டுகளை நீளமாகக் கிழித்துத் தக்காளிச் செடியைக் குச்சியில் கட்டலாம். புடலை, பாகல் கொடிக்குக் கயிறாகத் திரிக்கலாம். அடியில் சின்ன ஓட்டை விழுந்த மண்பானையைப் பாத்தி நடுவில் புதைத்து, வெள்ளைத் துணித் திரியை அந்த ஓட்டையில் செருகிவிட்டால், பானைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். இரண்டு நாள் வெளியூர் போனாலும் செடி வாடாது.

என்னவெல்லாம் ஆகாது?

தம்பி தங்கைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஓசியில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டு வந்துவிடக்கூடாது. சாப்பிடுகிற செடி முளைக்கிற இடம் அது.

முதலாவது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைந்த ஷீட் எல்லா ஊரிலும் கிடக்கிறது, நிறுத்தி வைக்கவும் தோதாக இருக்கும். தொடவே தொடாதீர்கள். அதை அறுத்தால், உடைத்தால், உரசினால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பாதிப்பு தெரியப் பல வருஷம் ஆகும், தெரியும்போது வைத்தியத்துக்கு எட்டாது.

இரண்டாவது, பூச்சிமருந்து டப்பாவும் சாயப்பட்டறை, கெமிக்கல் டிரம்மும். எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே என்ன ஊறியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சமையல் எண்ணெய், ஊறுகாய் மாதிரி உணவுப் பொருள் வந்த டிரம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் நீளவாக்கில் பிளந்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல். பழைய பெயிண்டில் ஈயம் அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய கதவை மண்ணில் புதைத்தால், உரிந்து விழுகிற பெயிண்ட் மண்ணில் சேரும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற விஷம் ஈயம். பெயிண்ட் படாத பழைய மரம் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மண்ணுக்கு வருவோம்

சுவர் எழும்பியாச்சு. அதற்குள் எவ்வளவு மண் பிடிக்கும்? ஆறு, மூன்று, ஒன்று பெருக்கினால் பதினெட்டு கன அடி. ஒரு சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. ஆக, பதினைந்து மூட்டை. ஈரமாகும்போது இது அரை டன்னுக்கு மேல் கனக்கும். ஆகவே இதை அப்படியே மொட்டை மாடியில் கட்டிவிடாதீர்கள், தளம் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்க வேண்டிய வேலை அது. மாடிக்குத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைதான் சரி. 2013-இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் தொடங்கியபோது கொடுத்ததும் அத்தகைய பைகளைத்தான்.

கொல்லைப் பாத்திக்கு இப்படிச் செய்யுங்கள். அடியில் ஒரு வரிசை தேங்காய் மட்டை. குழிந்த பக்கம் மேலே பார்க்கட்டும், தண்ணீர் அதில் தங்கும். மேலே காய்ந்த சருகு நாலு விரல் கனம். அதற்கு மேல் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணம், ஒரு பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு. செம்மண்ணுக்குப் பதில் கரிசல்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் மணலும் சேருங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூடு தாங்காமல் நாற்று கருகும். காசு செலவழிக்க வேண்டியிருந்தால் இங்கே செலவழியுங்கள். நல்ல மக்கிய உரம் வாங்குங்கள்.

நார்க்கழிவை அப்படியே போடக்கூடாது. அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். கெமிஸ்ட்ரி, பாட்டனி படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள், செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தைப் பிடுங்கித் தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்த முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் வித்து என்று அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், அந்த விகிதம் 24-க்கு இறங்கி நல்ல உரமாகும். வீட்டு அளவுக்கு அவ்வளவு வேண்டாம். மூன்று தண்ணீர் மாற்றி அலசி, சாணக் கரைசல் ஊற்றி, நிழலில் சில மாதம் குவித்து வைத்தால் போதும், கறுத்துப்போய் வந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மழை கொட்டுகிற குளிர் நாடுகளில் இரண்டடி, மூன்றடி உயரத்துக்குப் பாத்தி கட்டுவார்கள். நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாதம் கரிசலில் தண்ணீர் நிற்கும்போது மேடு செடியைக் காப்பாற்றும். பங்குனி, சித்திரையில் அதே மேடு நாலு பக்கமும் காற்றுப் பட்டுக் காய்ந்துபோகும். அதனால் ஓரடிக்கு மேல் போக வேண்டாம். மேல் மண்ணைச் சருகால் மூடி வையுங்கள். காலை வெயில் பட்டு, பிற்பகலில் வீட்டு நிழல் விழுகிற கிழக்குப் பக்கமாகப் பாருங்கள். தினம் ஒரு குடம் தண்ணீர் போதும். அரிசி கழுவின தண்ணீரையும் காய்கறி அலசின தண்ணீரையும் சேர்த்தால் புதுத் தண்ணீர் அரைக் குடம்தான் ஆகும்.

பாத்தியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கில் இன்றைக்குச் சிறுகீரை விதைத்தால், அடுத்த பங்கில் பத்து நாள் கழித்து, மூன்றாவதில் இன்னும் பத்து நாள் கழித்து. ஒரு மாதத்துக்குள் முதல் பங்கு பறிப்புக்கு வந்துவிடும், பிறகு பத்து நாளுக்கு ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு பங்கில் அரைக்கீரை போட்டால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இரண்டு மூலையில் கத்தரி, ஒரு மூலையில் பச்சை மிளகாய். முருங்கையைப் பாத்திக்குள் வைக்காதீர்கள், வேலியோரத்தில் ஒரு போத்து ஊன்றிவிடுங்கள். முதல் மழைக் காலத்தில் மண் படிந்து உயரம் குறையும், மேலே மக்கு உரம் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். சென்னை, திருப்பூர், துபாய் என்று பிழைக்கப் போயிருக்கிற நண்பர்களே, நம்மில் பல பேருக்கு ஊரில் வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். அடுத்த லீவில் வரும்போது டி.வி.யும் மிக்ஸியும் வாங்கி வருவதோடு, ஒரு நாள் மெனக்கெட்டு ஒரு பாத்தி கட்டிக் கொடுங்கள். ரொம்பக் குனிய முடியாதவர்களுக்கு ஓரடி மேடே பெரிய உதவி, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே களை எடுப்பார்கள். காலையில் எழுந்தவுடன் போய்ப் பார்க்க உயிருள்ள ஒன்று கொல்லையில் இருக்கும்.

இரண்டாவது, நம் சங்கத்துக்கு. எந்தக் கல்லூரி வளாகத்திலும் கட்டட வேலை முடிந்த பிறகு மிச்சமான கல்லும் ஓடும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். நம் வளாகத்திலும் பாருங்கள். ஒரு சனிக்கிழமை பழைய மாணவர்கள் கல் எடுத்துக் கொடுக்கட்டும், இன்றைய மாணவர்கள் அடுக்கட்டும். பாட்டனி மாணவர்கள் விதை பார்க்கட்டும், கெமிஸ்ட்ரி மாணவர்கள் மண்ணின் பி.எச். பார்க்கட்டும், காமர்ஸ் மாணவர்கள் வரவு செலவு எழுதட்டும். விளைகிற கீரை ஹாஸ்டல் சமையலுக்குப் போகட்டும். அடுத்த ஆண்டு மேடையில் பேச வருகிறவருக்குப் பொன்னாடைக்குப் பதில் ஒரு கட்டுக் கீரை கொடுங்கள். பொன்னாடை பீரோவில் தூங்கும், கீரை அன்றைக்கே குழம்பாகிவிடும்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள். தேட வேண்டியது பட்டத்தை மட்டுமல்ல, கொஞ்சம் ஓட்டையும் கல்லையும்கூட.